பெல் என் கையில்தான் இருந்தது

மக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது அம்மாவிடம் நீ போனில் பேசிய பேச்சிலேயே தெரிந்துவிட்டது. என் விஷயம் உனக்குத் தெரியும். ஹெர்னியா ஆபரேஷன் செய்த இடம் ஆறிவருகிறது, நெற்றியில் போட்ட தையலை இன்று காலை பிரித்தாயிற்று, முழங்காலில் மட்டும் கட்டு இருக்கிறது. யாராவது பிடிக்காமல் காலை ஊன்றக் கூடாதாம். தம்பானூர் ஹோட்டலில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றே பிழைத்தவனை உட்கார் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். தையல் பிரித்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாலு வரி எழுதுவேன், ஜன்னல் வழியாகக் கரமனை பஸ் போவதைப் பார்ப்பேன், பேனாவை மூடுவேன், மறுபடி திறப்பேன். "எழுதணும்னா எழுதுங்க, இல்லாட்டி மடக்கி வையிங்க. அந்தப் பேனா மூடியத் திறந்து திறந்து அடைக்க சத்தத்துல எனக்குத் தலை வலிக்கு" என்று உன் அம்மா இப்போதுதான் அடுக்களையிலிருந்து சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை நர்சிங் படிப்பை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பழையபடி அதே ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கே போகப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். ஏன் என்று கேட்டதற்கு, "அசிஸ்டன்டா இருந்திருந்தா அன்னைக்கு நான் ஓடி வந்திருப்பேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாயாம். நான் ஆஸ்பத்திரி வார்டில் விழுந்ததால் நீ படிப்பை விடுகிறாய் என்று ஊர் நினைக்கும், அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அது மட்டும் காரணமில்லை என்று நேற்று வரை உனக்கும் எனக்கும்தான் தெரியும். அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் கை இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது.

நீ முதன்முதலில் அந்த வேலைக்குப் போனதிலிருந்து சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும். பிளஸ் டூ முடித்து நர்சிங் சீட்டு கிடைக்காமல், வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்று நீயாகப் போய்ச் சேர்ந்த வேலை. ஆட்களைத் தூக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், பெட்பேன் வைத்து எடுக்க வேண்டும். முதல் நாள் முடித்துவிட்டு வந்து நீ குளிக்கப் போனவன் வெளியே வரவே இல்லை. நான் கதவைத் தட்டி, "இதுக்காடே உன்னப் படிக்க வச்சேன், நாளைக்கிப் போகாண்டாம்" என்றேன். நீ ஈரத் தலையோடு வந்து, "அப்பா, நாளைக்கி ஒரு தாத்தாவுக்கு ஷேவ் பண்ணித் தாரேன்னு சொல்லியிருக்கேன்" என்றாய். மறுநாள் நானே உன்னை எழுப்பி அனுப்பினேன். ஆனாலும் வள்ளியூரிலிருந்து சித்தப்பா போன் செய்து கேட்டபோதெல்லாம், "ஆஸ்பத்திரியில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னை இந்தக் கட்டிலில் படுக்கவைத்து, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது எப்படி என்று காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஒரு பக்கமாக உருட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி என் முதுகோடு ஒட்டி வைத்து, புதியதை விரித்து, மறுபக்கம் உருட்டினாய். "அனங்காம கெடங்கப்பா, ரெண்டு நிமிஷம்" என்றாய். என்னால் முடியவில்லை. கூச்சமாக இருக்கிறது என்றேன், கழுத்து சுளுக்குகிறது என்றேன், கடைசியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். அம்மா கதவருகில் நின்று சிரித்துச் சிரித்து, "இந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போனா கட்டிலுக்குத்தான் காயம் ஆவும்" என்றாள். நீயும் சிரித்தாய். பிறகு, "எங்க வார்டுல உங்கள மாதிரி ஒரு ஆள் இருந்தா போதும்பா, நாங்க எல்லாரும் ராஜினாமா" என்றாய்.

இன்னொரு நாள் நீ மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தேன். அன்று நல்ல மழை. வார்டு வாசலில் நின்று பார்த்தேன். நீ ஒரு கட்டிலில் இருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். வயதான ஒருவரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "அச்சா, பதுக்கே, பதுக்கே" என்று மெதுவாக எழுப்பி உட்காரவைத்தாய். மலையாளத்தில் எல்லாப் பெரியவர்களையும் அப்பா என்றுதான் கூப்பிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும், ஒரு வார்டு முழுக்க அச்சன்மார் உனக்கு இருக்கிறார்களே, எல்லாருக்கும் ஓடுகிறானே என்று எனக்கு உள்ளே ஒரு மாதிரி இருந்தது. பெருமை என்றும் சொல்லலாம், பொறாமை என்றும் சொல்லலாம். குடையை லீலா சேச்சியிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். உனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சீனியர் அசிஸ்டன்ட் அந்த அம்மாதான் என்று அன்றுதான் தெரியும்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரியின் நர்சிங் ஸ்கூலிலேயே உனக்குச் சீட்டு கிடைத்தது. நீ வெள்ளைக் கோட்டைப் போட்டுக் காட்டிய அன்று நான் செய்த அலம்பல் உனக்குத் தெரியாது. ஹோட்டலில் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொன்னேன். சித்தப்பாவுக்கு நானே போன் போட்டேன். நீ அசிஸ்டன்டாக இருந்தபோது ஒரு தடவைகூட நானாகப் போட்டதில்லை. எனக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். நீ அந்த மாதம் ஆண்கள் சர்ஜரி வார்டில் பயிற்சியில் இருக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குப் பயமே போய்விட்டது. என் பிள்ளை இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து என்னை நாலாம் பெட்டில் கொண்டுவந்து போட்டார்கள். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. எழுந்திருக்கக் கூடாது, எது வேண்டுமென்றாலும் பெல்லை அழுத்த வேண்டும் என்று லீலா சேச்சி வந்து சொன்னார். பெல்லைக் கட்டிலில் கட்டி, சுவிட்சை என் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் ஆனது. அம்மா காண்டீனுக்குக் கஞ்சி வாங்கப் போனாள். எனக்கு மூத்திரம் முட்டியது. நீ பக்கத்து ஐந்தாம் பெட்டில், நெடுமங்காட்டுக்காரர் ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான், "மக்கா, ஒண்ணுக்கு வருது" என்றேன். நீ திரும்பாமலே, "அப்பா, பெல் அடிங்க. லீலேச்சி வருவாங்க. ரத்தம் இப்பதான் ஏத்த ஆரம்பிச்சிருக்கு, ஒத்துக்கலன்னா உடனே நிறுத்தணும், நான் இங்கேருந்து அனங்கக் கூடாது" என்றாய்.

இது வரைக்கும்தான் வெளியே எல்லாருக்கும் ஒரு மாதிரித் தெரியும். இனி வருவதை நேற்று வரைக்கும் நான் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பெல் என் கையில்தான் இருந்தது. அழுத்தினால் ஒரு பொம்பளை வந்து வேட்டியை விலக்கிப் பாத்திரம் வைப்பாள் என்ற வெட்கம் ஒன்று. அதைவிடப் பெரியது கோபம். ஊரான் அப்பனுக்கெல்லாம் ஓடியவன், பெத்த அப்பன் கூப்பிட்டால் முகத்தைக்கூடத் திருப்பவில்லையே என்ற கோபம். வெள்ளைக் கோட்டு போட்டதும் இந்த வேலை உனக்குக் குறைச்சலாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். சரி, நீ வர வேண்டாம், யாரும் வர வேண்டாம் என்று பெல்லைத் தலையணைக்கடியில் தள்ளினேன். காலைக் கீழே போட்டேன். உணர்வு வந்துவிட்டது என்று நினைத்தது தப்பு. கால் எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்தது தரை.

நீ கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. "லீலேச்சீ, ஓடி வா, நாலாம் பெட்டு வீணு." அப்பா என்று சொல்லவில்லை. நாலாம் பெட் விழுந்துவிட்டது என்றாய், நின்ற இடத்தில் நின்றாய். லீலா சேச்சியும் இன்னொருவரும் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் வழிந்தது, வேட்டி நனைந்திருந்தது. கஞ்சியோடு வந்த அம்மா என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "ஏலே, அப்பா விழுந்து கெடக்கு, நீ நோக்கிட்டு நிக்கியா" என்றாள். வார்டு சிஸ்டர் வந்து, பெல் எங்கே என்று கேட்டார். நான், "எனக்கு யாரும் பெல்லு தரல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்தப் பத்து நாளாக யோசிக்கிறேன். வெட்கத்தில் வாயில் வந்தது. சிஸ்டர் எல்லார் முன்னாலும் லீலா சேச்சியைச் சத்தம் போட்டார். அந்த அம்மா தலையணையைத் தூக்கி பெல்லை எடுத்துக் காட்டினார். பேஷன்ட் கையில் கொடுக்காமல் தலையணைக்கடியிலா வைப்பது என்று அதற்கும் திட்டு விழுந்தது. லீலா சேச்சி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் விரலை மடக்கிவிட்டதை நீ பார்த்திருக்கிறாய். நான் சொல்வேனா என்று நீ காத்து நின்றதும் எனக்குத் தெரியும். அப்பனைப் பொய்யன் ஆக்கவும் உன்னால் முடியவில்லை, லீலா சேச்சியை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. அதற்கப்புறம் நீ என் கட்டிலுக்கு வந்ததெல்லாம் பிரஷர் பார்க்கத்தான். நான் வீட்டுக்கு வந்த பிறகு ஹாஸ்டலிலிருந்து ஒரு தடவைகூட நீ வரவில்லை.

எழுதும்போது நடுவில் நிறுத்திவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் கிடந்த நாட்களில் எனக்கு ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒன்றுதான். அந்த நெடுமங்காட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிரவில்லை, தடிக்கவில்லை, ரத்தம் பாட்டுக்கு ஏறியது. அப்புறம் என்ன? நீ ரெண்டு எட்டு வந்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? இதை அம்மாவிடம் பத்து தடவை சொல்லியிருப்பேன். நேற்று சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டே, "செல்வம் விழுந்தப்போ நீங்க போனீயளா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செல்வம் எங்கள் ஹோட்டலில் மேசை துடைக்கிற ஆள். என் வயசுதான். ஒரு நாள் காலை நான் வடைச் சட்டிக்கு முன்னால் நிற்கிறேன், சட்டி நிறைய எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் செல்வம் கஞ்சித் தண்ணீரில் வழுக்கித் தொம்மென்று விழுந்தான். நான் திரும்பவே இல்லை. "யாராவது தூக்குங்கடே" என்று மட்டும் கத்தினேன். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிறவன் திரும்பினால் கரண்டி தட்டும், கை தட்டும், அப்புறம் விழுந்தவன் மேலேயே எண்ணெய் விழும். அடுப்பை அணைத்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். இதை வீட்டில் வந்து எவ்வளவு ஜம்பமாகச் சொன்னேன். அன்றும் எண்ணெய் சிந்தவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் நின்றது வீண் என்று செல்வம்கூடச் சொல்லவில்லை. என் சட்டிக்கு ஒரு நியாயம், உன் ரத்தத்துக்கு வேறு நியாயம் வைத்துக்கொண்டு நான் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அம்மாவிடம் பெல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள், "எம் பிள்ளையப் போயி ஏசிட்டேனே" என்று அழுதாள்.

இன்று காலை தையல் பிரிக்க ஆட்டோவில் போனோம். உனக்கு அப்போது கிளாஸ் என்று தெரிந்துதான் அந்த நேரத்துக்குப் போனேன். உன் முன்னால் என்னால் முடியாது. வீல்சேரில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். லீலா சேச்சி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். அருகில் போய்க் காதோடு காதாக, "பெல் என் கையிலதான் இருந்தது. நான் சொன்னது பொய். மன்னிச்சிரணும்" என்றேன். அவர் விரிப்பை விடாமலே, "அண்ணாச்சீ, அன்னு சிஸ்டர் என்ன எல்லாரும் கேக்கச் சத்தம் போட்டு. இப்போ என்ற காதில பறஞ்சா மதியோ? உறக்கப் பற" என்றார். காதில் சொன்னால் போதுமா, சத்தமாகச் சொல் என்கிறார். நியாயம்தான். பழிச்சொல் சத்தமாக விழுந்திருக்கிறது, மன்னிப்பு மட்டும் ரகசியமாகவா? சிஸ்டர் மேசைக்குப் போய், பேஷன்டுகளும் கூட இருக்க வந்தவர்களும் கேட்க, லீலா சேச்சி பெல்லை என் கையில் கொடுத்தார், என் மகன் பெல் அடிக்கச் சொன்னான், நான்தான் வீம்புக்கு இறங்கினேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் சொன்னேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டு, லீலா சேச்சியின் தவறு என்று ரிப்போர்ட்டில் எழுதி வைத்ததை மாற்றி எழுதுவதாகச் சொன்னார்.

லீலா சேச்சி பரவாயில்லை என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. ஆனால் என்னை லிப்ட் வரை தள்ளிக்கொண்டு வந்தது அவர்தான். நீ திரும்ப அசிஸ்டன்டாக வரப்போவதை அம்மா சொன்னதும் வண்டியை நிறுத்திவிட்டார். "அவனோடு பறயணும், இங்கோட்டு வரண்டான்னு. ரெண்டு கொல்லம் ஞான் அவன படிப்பிச்சது திரிச்சு வரான் வேண்டியல்ல" என்றார். இங்கே வர வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல வேண்டுமாம், திரும்பி வருவதற்காகவா இரண்டு வருஷம் சொல்லிக் கொடுத்தேன் என்று கேட்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்கு உன்மேல் நல்ல கோபம் இருந்தது. என்மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றே தோன்றியது.

மக்கா, அசிஸ்டன்ட் வேலை மட்டம் என்பதால் போகாதே என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. சித்தப்பாவிடம் வாயை மூடிக்கொண்ட அப்பன் அதைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். அந்த வேலைதான் பிடிக்கிறது என்று நீ போனால் நான் தடுக்க மாட்டேன், இந்த முறை போன் போட்டு நானே சித்தப்பாவிடம் சொல்வேன். ஆனால், அப்பாவுக்கு ஓடி வராத பாவி என்று உன்னையே நினைத்துக்கொண்டு போகாதே. லீலா சேச்சி என்னால் பட்டதற்கு ஈடாக நீயும் கீழே இறங்க வேண்டும் என்றும் போகாதே. அந்தக் கடன் என்னுடையது, இன்று காலை கொஞ்சம் கொடுத்திருக்கிறேன், மிச்சமும் நானே கொடுத்துக்கொள்கிறேன். ஓட உனக்கு நன்றாகத் தெரியும், குடை கொடுக்க வந்தபோதே பார்த்துவிட்டேன். நிற்கவும் உனக்குத் தெரிகிறது. அது எனக்கும் வரும், ஆனால் சட்டிக்கு முன்னால் மட்டும்தான். அப்பன் விழுந்து கிடக்கும்போது நின்றிருப்பேனா என்றால், மாட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. விட்டுப்போனது என்ன, கோபத்தில் நானே ஒளித்து வைத்திருந்தேன். தரையில் கிடந்தவனுக்கு முகம் தெரியாது, கட்டில் கால்களும் மனிதர் கால்களும்தான் தெரியும். உன் கால்களை நான் பார்த்தேன். இடது கால் ஐந்தாம் பெட்டை ஒட்டி ஊன்றியிருந்தது. வலது கால் என் பக்கம் திரும்பியிருந்தது. குதிகால் தரையில் படவில்லை. லீலா சேச்சி என் தோளைத் தொடும் வரைக்கும் அது அப்படியே தூக்கிக்கொண்டு நடுங்கியது. நீ ஓடி வரவில்லை என்று நீயே உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். உன் கால் வந்துகொண்டுதான் இருந்தது மக்கா, நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது. நாளைக்கு அம்மா உன் துணிகளைக் கொண்டுவரும்போது இதையும் கொண்டுவருவாள். அதுவரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அம்மா என் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தம்ளரும் ஸ்பூனும் வைத்திருக்கிறாள், எழுந்திருக்க வேண்டுமென்றால் தட்டிக் கூப்பிட வேண்டுமாம். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே போய்விடுவேன். இப்போது மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒண்ணுக்கு வந்தது. தம்ளரைத் தட்டினேன். அவள் அடுக்களையிலிருந்து, "அடுப்புல பால் இருக்கு, பொங்கி வருது, வாரேன் இருங்க" என்றாள். நான் காலைக் கீழே போடவில்லை. பால் பொங்கி, அவள் அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வருகிற வரைக்கும் இருந்தேன்.

இப்படிக்கு,
நாலாம் பெட்டில் கிடந்த
உன் அப்பா